இரண்டாவது முட்டு

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குடோனில் எனக்கு வேலை. பக்கெட்டு, குடம், முறம், ஸ்டூல், குப்பைக்கூடை என்று எல்லாம் பிளாஸ்டிக் சாமான்கள். கூரையைத் தொடும் இரும்பு ரேக்குகளில் அவற்றை அடுக்கியிருப்பார்கள். ரேக்குக்கும் ரேக்குக்கும் நடுவே சந்து. அந்தச் சந்துகளில் நடந்து, எது எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதுதான் என் வேலை. அடையாள அட்டையில் ஏதோ பெரிய பெயராகப் போட்டிருக்கிறார்கள். நடக்கிற வேலை என்று போட்டிருந்தால் போதும்.

நடக்கலாம் என்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தவள் நான். அதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருஷம் பில் போட்டேன். பதினோரு வருஷமும் ஒரே நாற்காலி. தீபாவளிக் கூட்டமெல்லாம் என்னைத் தாண்டித்தான் போகும், நான் மட்டும் எங்கேயும் போக மாட்டேன். அந்த வேலையை விட்ட அன்று, இனிமேல் உட்கார்ந்து சம்பாதிப்பதில்லை என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். இந்தக் குடோனிலும் கண்ணாடி அறைக்குள் பில் போட ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது, முதுகில் ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு. அந்த அறைக்குப் போனால் நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவேன். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க விட மாட்டார்கள் என்று எனக்கு ஒரு பயம்.

குடோன் என்றால் ஃபோர்க்லிஃப்ட் வண்டிதான் ஆபத்து என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்த வண்டி இதுவரை ஒருவரையும் தொட்டதில்லை. அதற்கு ஹாரன் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, அது வந்தால் எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறோம். எங்களை அடிப்பதெல்லாம் சும்மா நின்றுகொண்டிருப்பவைதான். ரேக்கின் கால், கூரையைத் தாங்கும் தூண், பாதி ஏற்றிய ஷட்டர், துடைத்துத் துடைத்துக் கண்ணுக்கே தெரியாமல் போன கண்ணாடிக் கதவு.

அப்படி யாராவது முட்டிக்கொண்டால் எங்கள் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொரு முறை முட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு முளைக்கும். இரண்டு பிள்ளைகள் தலையை முட்டிக்கொண்டால் எல்லா வீட்டிலும் சொல்வதுதான் இது. எங்கள் ஆட்கள் அதை இரும்புக்கும் சிமெண்டுக்கும் சேர்த்து நடைமுறைப்படுத்தியிருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணனுக்கு மீசை நரைத்துவிட்டது. அவர் ஒரு நாள் முழங்காலை ரேக்கில் இடித்துக்கொண்டு, நொண்டியபடியே நாலடி போய்விட்டு, மறுபடி திரும்பி வந்து அதே காலை அதே கம்பியில் மெதுவாகத் தட்டிவிட்டுப் போனார். முழங்காலில் கொம்பு முளைத்தால் பேண்ட் போட முடியாது என்று விளக்கமும் சொன்னார். எங்கள் மேனேஜர் சின்ன வயசுக்காரர், நிறையப் படித்தவர், இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அவரே ஒரு நாள் கண்ணாடிக் கதவில் நெற்றியை மோதிக்கொண்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நெற்றியை இன்னொரு முறை கதவில் வைத்து எடுத்தார். குட அடுக்குக்குப் பின்னாலிருந்து ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலுதவிப் பெட்டியின் சாவி என்னிடம் இருந்ததால் காய நோட்டும் என் பொறுப்பு. நீள நோட்டு. தேதி, யார், எங்கே இடித்தார், உடம்பில் எங்கே பட்டது, காரணம் என்று ஐந்து கட்டம். மற்றவர்கள் இடித்துக்கொண்டால் காரணக் கட்டத்தில் தயங்காமல் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவேன். நான் இடித்துக்கொண்டால் மட்டும் எனக்கு நியாய உணர்ச்சி பொங்கிவிடும். ‘தூண் இருக்கும் இடம் சரியில்லை.’ ‘ரேக்கின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.’ ஒரு முறை, ‘ஸ்டூல் குறுக்கே வந்தது’ என்றே எழுதிவிட்டேன்.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, “குறுக்க வந்துச்சா மேடம்? எதுல வந்துச்சு, பஸ்ஸுலயா?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரமே சண்டை போட்டுத் தூண்களுக்கெல்லாம் மஞ்சளும் கருப்புமாகப் பட்டை அடிக்க வைத்தேன். பேக்கிங்குக்கு வரும் நுரை அட்டையை வெட்டித் தூண் முனைகளிலும் ரேக் கால்களிலும் சுற்றி டேப் ஒட்டினேன். பேக்கிங் மேசையில் வேலை செய்கிற ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதை வேடிக்கை பார்த்தாள். மயிலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி, கிட்டத்தட்ட என் வயசு. மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்கும் சமயத்தில் மட்டும் ஒரு வாரம் லீவு போடுவாள். மற்ற நாளெல்லாம் என்னோடுதான் சாப்பாடு, என்னைத்தான் கிண்டல்.

“இன்னா மேடம், தூணுக்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டு வுட்டுட்டீங்க? மார்கழி வர்றதுக்குள்ள ஒரு குல்லாவும் தச்சிப் போட்டுடுங்க.”

ஸ்வெட்டர் போட்ட தூணிலும் நான் இடித்துக்கொண்டேன் என்பதுதான் அவமானம். வலி குறைவு, அவ்வளவுதான்.

நான் ஏன் இப்படி முட்டிக்கொண்டே இருக்கிறேன் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கருத்து இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் சனிப்பெயர்ச்சி என்றார். பேக்கிங்காரி கண் திருஷ்டி என்று சொல்லி, மூன்றாவது வரிசை ரேக்கில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினாள். எனக்குக் கண்ணாடி மேல்தான் சந்தேகம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டியில் விற்கிற படிக்கிற கண்ணாடி அது. எழுத்து மங்கினால் அந்த வண்டிக்காரரிடமே அடுத்த நம்பரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். அவர் ஒரு செய்தித்தாளை நீட்டுவார், நான் படிப்பேன், கண் சோதனை முடிந்தது. வீட்டுக்காரர் என் தோளிலும் கையிலும் இருந்த கன்றிப்போன அடையாளங்களைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நான் பண்ணதுன்னு தெருவுல நினைச்சிக்கினு இருக்காங்க. முழுக்கை ரவிக்கையா தச்சிப் போடு, என் மானம் போவுது” என்றார்.

ஒரு நாள் காலை, இரண்டாவது வரிசை முனையில் திரும்பும்போது தூணில் தோள் இடித்து, பக்கத்திலிருந்த குளியல் மக்கு அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டேன். சிவப்பு மக்குகள் குடோன் முழுக்க உருண்டன. எல்லோரும் சிரித்துக்கொண்டே பொறுக்கினார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

“மேடம், நோட்டுல பாதி உங்க பேருதான் இருக்குது. மேல இருந்து கேக்கறாங்க. இன்னொரு வாட்டி இடிச்சீங்கன்னா உங்கள ரேக்குப் பக்கம் நடக்க வுட முடியாது. பில்லிங்ல உக்காந்துடுங்க.” அவர் கை அந்தத் துண்டு போர்த்திய நாற்காலியைக் காட்டியது.

அன்றிலிருந்து நான் இடித்துக்கொள்வதை நிறுத்தவில்லை. எழுதுவதை நிறுத்தினேன். முட்டிய இடத்தில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி பக்கெட்டுகளை எண்ணுவேன். கால் சுண்டுவிரலில் பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு, எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். தலைவலித் தைலம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. சாப்பாட்டு வேளையில் பேக்கிங்காரி மூக்கை உறிஞ்சுவாள்.

“இன்னிக்கு எந்தத் தூணு மேடம்?”

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினேன். அப்புறம் அந்த மதியம் வந்தது. சாப்பிட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் நானும் பேக்கிங்காரியும் மட்டும் நின்றிருந்தோம். மேல் தட்டில் குடம் எத்தனை என்று பார்த்துக்கொண்டே ஒரு அடி வைத்தேன். இடது புருவத்துக்கு மேல் ரேக்கின் கால் பட்டது. நுரை அட்டை அங்கே பிய்ந்து போயிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“சார்கிட்ட சொல்லிடாதே” என்றேன். முதலில் அதைத்தான் சொன்னேன், அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

“நான் ஏன் சொல்லப்போறேன்? ரத்தம் வர்ல, விடுங்க. ஜல்தி இன்னொரு வாட்டி முட்டிடுங்க, கொம்பு வந்துச்சின்னா எந்த முந்தானையால மறைப்பீங்க?”

சிரித்துக்கொண்டே தலையை இடது பக்கம் மெதுவாகச் சாய்த்தேன். ஒன்றும் படவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். அங்கேயும் காற்றுதான். ஒரு நொடிக்கு முன்னால் என்னை அடித்த இரும்பு எங்கே போயிற்று என்று கையை நீட்டித் துழாவினேன். அது என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, இருந்த இடத்திலேயே நின்றிருந்தது.

அவள் முதலில் கைகொட்டிச் சிரித்தாள். நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். பிறகு சிரிப்பு நின்றது.

“மேடம், நேரா என் மூஞ்சியப் பாருங்க. திரும்பக் கூடாது. என் கையி தெரியுதா?”

“எந்தக் கை?” என்றேன்.

“உங்க காதாண்ட ஆட்டிக்கினு இருக்கேனே மேடம்.”

இடது காதுப் பக்கம் காற்று அசைவது மட்டும் தெரிந்தது.   அப்புறம் அவள்தான், “ஞாயித்துக்கிழமை கண்ணு டாக்டருகிட்ட போறோம். நீங்க வர்லன்னா நான் சாரண்ட போறேன்” என்றாள். சற்று முன்னால்தான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள்.

விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எதிரே இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். பொத்தினேன். எழுத்து இருக்கட்டும், எழுத்து மாட்டியிருந்த சுவரே அழுக்குத் துணிக்குப் பின்னால் இருப்பதுபோல் இருந்தது. நாற்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று நம்பிக்கொண்டிருந்தேன். வலது கண் ஒண்டியாக உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு ஒரு மிஷினுக்குள் தாடையை வைக்கச் சொன்னார்கள். உள்ளே சின்னச் சின்னதாக வெளிச்சப் புள்ளி வரும், வரும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். இடது கண்ணுக்கு வைத்தபோது வெகு நேரம் ஒன்றும் வரவில்லை.

“மிஷின் ரிப்பேரு போலிருக்குதும்மா” என்றேன் அங்கிருந்த பெண்ணிடம்.

“மிஷின் நல்லாத்தான் இருக்குதும்மா” என்றாள் அவள், மெதுவாக.

வாழ்நாள் முழுக்கத் தூணையும் ஸ்டூலையும் குற்றம் சொன்னவள், அங்கேயும் போய் மிஷினைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

கண்ணுக்குள் பிரஷர் என்றார் டாக்டர். வலிக்காது, சிவக்காது, சத்தம் போடாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருமாம். இடது கண்ணில் போனது போனதுதான், திரும்ப வராது. வலது கண்ணைக் காப்பாற்ற தினமும் காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், வேலைக்குப் போகலாமா என்று. “போகலாம். இடது பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துப் பார்த்து நடங்க” என்றார்.

திங்கட்கிழமை காலையில் நோட்டைப் பிரித்தேன். உடம்பில் எங்கே பட்டது என்கிற கட்டத்தை மட்டும் என் விரல் கீழே வரைக்கும் தடவிக்கொண்டு போனது. இடது தோள். இடது முழங்கை. இடது கால் சுண்டுவிரல். இடது தோள். இடது முழங்கால். பக்கத்துக்குப் பக்கம் என் சொந்தக் கையெழுத்து. பக்கத்திலேயே காரணம் என்று தூணின் மேல் பழி. படிக்கப் படிக்க எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கு மேல் துக்கமாக இருந்தது.

நோட்டையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்தேன். நோட்டில் எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“நீங்க இடிச்சதுல எனக்கு பயம் இல்ல மேடம். மறைச்சீங்க பாருங்க, அதுலதான் பயம். ஃபோர்க்லிஃப்டு ஓடற இடம் இது” என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அன்று மதியமே நான் அந்தத் துண்டு போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இரண்டு மாதம் உட்கார்ந்தேன். நாற்காலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மரியாதையைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் எழுந்தால் வழியில் இருக்கும் ஸ்டூலை யாராவது ஓடிவந்து எடுப்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு, நான் கடந்து போகும்வரை சாமி ஊர்வலத்துக்கு நிற்பதுபோல் நிற்பார். யாராவது தூணில் முட்டிக்கொண்டால், நான் பக்கத்தில் இருந்தால், இரண்டாவது முறை முட்டாமல் போய்விடுவார்கள். பேக்கிங்காரிகூடக் கிண்டலை விட்டுவிட்டாள். சாப்பாட்டு வேளையில், “மருந்து வுட்டீங்களா மேடம்?” என்று மட்டும் கேட்பாள். நான் பறிகொடுத்தது கண்ணை மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஒரு நாள் அவளிடம் வெடித்துவிட்டேன். “எனக்கு இங்கே மூச்சு முட்டுது. சும்மா மருந்து மருந்துன்னு கேக்கறியே, ரேக்குங்க நடுவுல நடக்க ஒரு வழி சொல்லேன்” என்றேன்.

அவள் சோற்றைப் பிசைந்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“கோயில்ல எப்படி மேடம் சுத்துவோம்? சாமி நம்ம வலது கை பக்கம்தான இருக்கும்? மயிலம் கோயிலுக்கு வந்திருக்கீங்கல்ல? அதே மாதிரி ரேக்கை வலமா சுத்துங்க. கம்பி எல்லாம் உங்க நல்ல கண்ணு பக்கமே வந்துடும். இடது பக்கம் வெறும் சந்து. கடைசி நாலு வரிசைக்குத்தான் வண்டியே வர்றதில்லியே, கையாலதான எடுக்கறோம்? அங்க மட்டும் சுத்துங்க.”

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கை எல்லாம் சோறு என்பதால் விட்டுவிட்டேன்.

இதை மேனேஜரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, அந்த நாலு வரிசையின் வாயில் ஃபோர்க்லிஃப்ட் நுழையாதபடி சங்கிலி கட்டச் சொன்னார். தரையில் அம்புக்குறி வரையச் சொன்னார். “ஒரு நாள் நடந்து காட்டுங்க. நான் பார்த்துட்டு முடிவு பண்றேன்” என்றார்.

அந்த நாள் வந்தது. மேனேஜர் சந்தின் வாயில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மொத்தக் குடோனும் வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டு நின்றது. அந்த நாலில் முதல் ரேக்கை வலமாகச் சுற்றினேன். கம்பிகள் ஒவ்வொன்றாக வலது பக்கம் தெளிவாக வந்து போயின. எண்ணினேன், எழுதினேன், இடது பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், நடந்தேன். இரண்டாவது ரேக். மூன்றாவது ரேக். கால்களுக்கு நடை ஞாபகம் இருந்தது. நான்காவது ரேக்கின் முனையில், அடித்தட்டிலிருந்த முறக்கட்டின் சீட்டைப் படிக்கக் குனிந்தேன். குனியும்போது கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த முனையில் வேலை செய்வதுபோல் நின்ற பேக்கிங்காரியும், கீழே விழுந்து கிடந்த டேப்பை எடுக்க இடது பக்கமிருந்து குனிந்திருக்கிறாள். எங்கள் இரண்டு தலையும் தேங்காய் உடைகிற சத்தத்தோடு மோதிக்கொண்டன.

 ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் வண்டியை அணைத்துவிட்டார். மேனேஜர் கட்டிய கையைப் பிரித்தார். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தேன். கண்ணாடி அறையும் அந்தத் துண்டும்தான் மனசில் நின்றன. முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் தலையைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

“இன்னா மேடம், நின்னுக்கினு இருக்கீங்க? இன்னொரு வாட்டி முட்டுங்க. எனக்குக் கொம்பு முளைச்சா எங்க வூட்டுக்காரருக்கு நீங்களா பதில் சொல்வீங்க? ஏற்கெனவே மனுசன் பேஜாரு புடிச்சவரு.”

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு மாதம் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. அவள் என் இடது பக்கத்திலிருந்து என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, வலது பக்கம், எனக்குத் தெரிகிற இடத்தில் நின்று தலையைக் குனிந்தாள். நான் மெதுவாக முட்டினேன். இந்த முறை குறி தப்பவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு போய் நோட்டை எடுத்து வந்து, மேனேஜர் பார்க்கவே எழுதினேன். யார்: நான். எங்கே: கடைசி வரிசை முனை, சக ஊழியரின் தலை. உடம்பில்: நெற்றி, இடது பக்கம். காரணக் கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் குறுக்கே வந்தாள் என்று எழுதப் பழைய புத்தி கையை இழுத்தது. ‘எனக்கு இடது கண் தெரியாது. திரும்பிப் பார்க்க மறந்துவிட்டேன்’ என்று எழுதினேன்.

மேனேஜர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டு நோட்டை என்னிடமே நீட்டினார், என் வலது பக்கமாக.

“நாளைக்கு இந்த நாலு வரிசையும் எண்ணிடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.